கிழித்து அனுப்பிய அட்டை

டிரம்காரா
நவம்பர் 12

அன்புள்ள ஃபின்டன்,

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள். சந்தைக்கு ஓட்டிப்போகும் கன்றுகள் மாதிரி, ஓர் எழுத்து வேலியோரம் போகிறது, ஓர் எழுத்து நடுரோட்டில் நிற்கிறது. இந்தக் கடிதத்தை எழுத எனக்கு ஐந்து நாள் ஆனது. ஆனால் யாரும் உதவவில்லை. முழுக்க என் கை.

ஆமாம், நான்தான். உன் அண்ணன். எட்டு வருஷத்துக்குப் பிறகு.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். போன வருஷம் வரை எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எண்கள் தெரியும். என் பெயரைப் பார்த்தால் தெரியும், முதல் எழுத்தான M இரண்டு குன்றுகள் தோளோடு தோள் நிற்பது போல இருக்கும். அவ்வளவுதான். அப்பா வைக்கோல் கொட்டகைக் கூரையிலிருந்து விழுந்தபோது எனக்குப் பத்து வயது, உனக்கு இரண்டு. என்னைப் பள்ளியிலிருந்து நிறுத்தினார்கள். பிறகு யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கல்யாணம் ஆன மறுவாரம் பிரீட் கண்டுபிடித்துவிட்டாள். சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அவளே படித்தாள், அவளே எழுதினாள். வெளியே யாராவது தாளை நீட்டினால், "கண்ணாடிய வீட்ல விட்டுட்டு வந்துட்டேன்" என்பேன். எனக்குக் கண்ணாடியே கிடையாது. நாற்பத்தாறு வருஷம் இல்லாத கண்ணாடியை மறந்துகொண்டே இருந்தேன்.

பிரீட் போன பிறகு மேசைமேல் தபால் குவிந்தது. கடைக்கார டீலியாவுக்கு எப்படியோ புரிந்துவிட்டது. "செவ்வாய்க்கிழமை லைப்ரரி மாடில ஒரு கிளாஸ் நடக்குது மலாக்கி, டீ குடுக்கறாங்க" என்றாள். டீக்காகத்தான் போனேன். நாங்கள் ஐந்து பேர். டீச்சர் பெயர் டெர்வ்லா. கோபமே வராது. மாடு வாங்கும்போது நான் காட்டும் பொறுமையை அவள் என்னிடம் காட்டுகிறாள்.

ஃபின்டன், உலகம் முழுக்க எழுதி வைத்திருக்கிறார்கள்! பால் பெட்டியில், தார் டப்பாவில், எல்லாவற்றிலும். ஏரிக்குப் போகும் குறுக்கு வழி கேட் இருக்கிறதே, அதில் "உள்ளே வரக் கூடாது" என்று எழுதியிருக்கிறது. நாற்பது வருஷமாக அதன் வழியாகத்தான் ஆடு ஓட்டினேன். அந்த வீட்டுக்காரர் ஏன் என்னிடம் பேசுவதில்லை என்று போன மாதம்தான் புரிந்தது.

இனி எழுதுவது கஷ்டம். இரண்டு வருஷத்துக்கு முன், உன்னிடமிருந்து என்று சொல்லித் தபால்காரர் ஒரு கவர் தந்தார். உள்ளே ஒரு கடிதமும் ஒரு அச்சடித்த அட்டையும் இருந்தன. அட்டையில் வரிசையாகக் கோடுகள், கோடுதோறும் பணத்தின் குறி. அம்மாவின் அடக்கத்தன்று ஆற்றோரப் புல்வெளியில் பங்கு கேட்டு வக்கீலைப் பார்க்கப்போவதாக நீ சொன்னாயே, அதுதான் வந்துவிட்டது என்று நினைத்தேன். யாரிடமாவது காட்டிப் படித்திருக்கலாம். தம்பி என்மேல் கேஸ் போட்டிருக்கிறான் என்று ஊருக்குத் தெரிந்துவிடும், எனக்குப் படிக்கத் தெரியாது என்பதும் தெரிந்துவிடும் என்று பயந்தேன். அட்டையை நான்காகக் கிழித்து, கவரின் பின்பக்கம் இருந்த உன் விலாசத்தை மட்டும் காட்டித் தபால்காரரைக் கொண்டு உனக்கே திருப்பி அனுப்பினேன். கடிதத்தை ஏனோ கிழிக்கவில்லை. அது அடுப்புக்கு மேலே டீ டப்பாவில் கிடந்தது.

போன வாரம் அதை எடுத்தேன். படிக்க இரண்டு நாள் ஆனது. உனக்குப் பார்க்கின்சன் நோய் என்று எழுதியிருந்தாய். அந்த ஒரு சொல்லை மட்டும் டெர்வ்லாவிடம் கேட்டேன். சொன்னாள். ஆராய்ச்சிக்கும், உங்கள் ஊர்க் குழுவின் பாட்டு வகுப்புக்கும் பணம் திரட்ட ஒரு டிராக்டர் ஊர்வலம் நடத்தப்போவதாக எழுதியிருந்தாய். அது நம் முற்றத்திலிருந்து கிளம்ப வேண்டும், நம் சாம்பல் நிற டிராக்டரில் நான் முதலில் போக வேண்டும், அந்த அட்டையில் அக்கம்பக்கத்தாரிடம் பெயரும் தொகையும் எழுதி வாங்க வேண்டும் என்று கேட்டிருந்தாய். புல்வெளியைப் பற்றி ஒரு சொல் இல்லை.

உனக்கு நான் எதைத் திருப்பி அனுப்பினேன் என்று இப்போதுதான் தெரியும்.

உன் அண்ணன்,
மலாக்கி


ஸ்லைகோ
டிசம்பர் 1

மலாக்கி,

உன் கடிதம் வந்தது. மேவ் நல்ல மனைவி, என் முன்னால் வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். பதினைந்து நாளாகப் பதில் யோசிக்கிறேன்.

நீ திருப்பி அனுப்பிய கவரை எங்கே பிரித்தேன் தெரியுமா? பாட்டு வகுப்பில். எங்களுக்கெல்லாம் குரல் சுருங்கிக்கொண்டே போகிறது, பாடினால் கொஞ்சம் நிற்கும். முப்பது பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தோம். "என் அண்ணனோட அட்டை வந்துடுச்சு, டிரம்காரா மொத்தமும் இதுல இருக்கும் பாருங்க" என்று நானே எல்லோரையும் கூப்பிட்டேன். நான்கு துண்டுகள் மடியில் விழுந்தன. கை நடுங்குவதால் பொறுக்க முடியவில்லை. வேறொருவர் குனிந்து பொறுக்கித் தந்தார். அவருக்கும் நடுங்கியது. ஊர்வலம் வேறு ஊரில் நடந்தது. நான் போகவில்லை.

படிக்கத் தெரியாது என்கிறாய். நம்புகிறேன். உன் எழுத்தைப் பார்த்தால் நம்பத்தான் வேண்டும். ஆனால் கேட்கத் தெரியாதா? வாய் இல்லையா உனக்கு? தம்பி எழுதினால் அது கெட்டதாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்ய எழுத்தறிவு தேவைப்படவில்லையே.

முப்பத்தாறு வருஷம் ஆசிரியராக இருந்தேன். எழுத்து வராத பிள்ளையைப் பின் பெஞ்சில் பத்து நிமிஷத்தில் கண்டுபிடிப்பேன். சொந்த அண்ணனைக் கண்டுபிடிக்கவில்லை. அந்தக் கோபமும் உன்மேல்தான் வருகிறது. நியாயம் இல்லை, தெரியும்.

இங்கே வராதே. போனும் செய்யாதே. என் குரல் உன் காதுக்கு எட்டாது.

ஃபின்டன்


டிரம்காரா
டிசம்பர் 14

அன்புள்ள ஃபின்டன்,

கையெழுத்து இன்னும் சரியாகவில்லை, மன்னித்துக்கொள். உன்னுடையதும் சரியில்லை என்று சொல்லலாமா? அவ்வளவு சின்னதாக எழுதியிருக்கிறாய். தொடக்கத்தில் பார்லி அளவு, கடைசி வரியில் கடுகு அளவு. டீலியா கடையில் பூதக்கண்ணாடி வாங்கினேன். நாற்பத்தாறு வருஷமாக நான் மறந்துபோன கண்ணாடியைக் கடைசியில் வாங்கிவிட்டேன்.

நான்கு நாள் படித்தேன். பாட்டு வகுப்பு வரும் இடத்தில் ஒரு நாள் முழுக்க மேலே படிக்க முடியவில்லை. எழுத்து கஷ்டம் என்பதால் இல்லை.

வாய் இல்லையா என்று கேட்டாய். இருந்தது. வெட்கமும் இருந்தது.

ஆனால் நானும் ஒன்று கேட்க வேண்டும், இல்லாவிட்டால் அது என் நெஞ்சிலேயே கிடக்கும். பிரீடின் அடக்கத்துக்கு நீ வந்தாய். சர்ச் கேட்டில் நின்றாய். சவப்பெட்டியை நாங்கள் தூக்கிக்கொண்டு உன் முன்னால்தான் போனோம். நீ கேட்டைத் தாண்டி ஓர் அடி வைக்கவில்லை. ஒரு தோள் குறைந்தது, பக்கத்து வீட்டு டோனல் வந்து பிடித்தான். திரும்பிப் பார்த்தேன், நீ எங்களைப் பார்த்தபடியே நின்றாய். ஒரு புல்வெளிக்காக இவ்வளவா என்று நினைத்தேன். நீ கவர் அனுப்பியபோது அந்த முகம்தான் என் கண்முன் இருந்தது.

அடுத்த வருஷமும் ஊர்வலம் உண்டா? இருந்தால் எனக்கு ஓர் அட்டை அனுப்பு. முழு அட்டை.

மலாக்கி


ஸ்லைகோ
ஜனவரி 23

மலாக்கி,

அட்டை இதோடு இருக்கிறது. ஈஸ்டர் திங்களன்று ஊர்வலம். குழுவிடம் கேட்டேன், டிரம்காராவிலிருந்து கிளம்பச் சம்மதித்தார்கள். சிலர் என்னைப் பார்த்த பார்வையை நீ பார்க்காதது நல்லது.

சர்ச் கேட்டைப் பற்றி. அன்று நான் கோபத்தில் நிற்கவில்லை. கால் வரவில்லை. கேட், கதவு, குறுகலான இடம் எது வந்தாலும் என் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். மனசு போ என்கிறது, கால் கேட்பதில்லை. அன்று அதற்குப் பெயர் இருப்பதே எனக்குத் தெரியாது. அடுத்த மாதம்தான் டாக்டரிடம் போனேன். முகமும் அப்படித்தான். உள்ளே அழுதுகொண்டிருப்பேன், வெளியே மரப்பலகை. பிரீட் எனக்கு இருபத்தாறு கிறிஸ்துமஸ் வாழ்த்து எழுதியவள். அவளைத் தோளில் தூக்கத்தான் வந்தேன்.

நான் வந்ததும் நீ திட்டியிருந்தால் அன்றே சொல்லியிருப்பேன். நீ திட்டவில்லை. நானும் கார் ஏறிவிட்டேன். நம் குடும்பமே இப்படித்தான்.

எழுத்து சின்னதாவதும் அந்த நோய்தான். பெரிதாகத்தான் தொடங்குகிறேன், கை அதைச் சுருக்கிவிடுகிறது. "பெரிசா எழுதுடா, எறும்புக்கா லெட்டர் போடறே?" என்று எத்தனை பிள்ளைகளை அதட்டியிருப்பேன்.

ஒரு தந்திரம் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். தரையில் குறுக்கே ஒரு கோடு இருந்தால் கால் அதைத் தாண்டிவிடும். ஏன் என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. மேவ் சமையலறைத் தரை முழுக்க டேப் ஒட்டியிருக்கிறாள். அது ஏன் என்று கண்டுபிடிக்கத்தான் ஆராய்ச்சிக்குப் பணம் கேட்கிறோம். கண்டுபிடிக்கும்போது நான் இருக்க மாட்டேன். அதைத் தெரிந்துகொண்டுதான் கேட்கிறேன்.

இந்தக் கடிதம் ஆறு நாள் ஆனது. இப்போது நாம் இருவரும் ஒரே வேகம்.

ஃபின்டன்


டிரம்காரா
மார்ச் 3

அன்புள்ள ஃபின்டன்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு சர்ச் கேட் வரை நடந்து போனேன். நீ நின்ற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

இனி நல்ல செய்தி. அட்டையில் முப்பது கோடு, முப்பதும் நிறைந்துவிட்டது! எல்லாப் பெயரையும் நானே எழுதினேன். அவரவர் பெயரை அவரவர் எழுதுவதுதான் வழக்கம் என்று டெர்வ்லா சொன்னாள். எனக்கு வழக்கம் எதற்கு? டோனல் வீட்டு வாசலில் நிற்கிறேன், அவன் பால் வாளியோடு துடிக்கிறான்.

"பேனாவ இங்க குடுய்யா மலாக்கி. நீ என் முழுப் பேர எழுதி முடிக்கறதுக்குள்ள மாடு தானே கறந்துக்கும்."

"பொறுடா. இவ்ளோ சின்ன ஆளுக்கு இவ்ளோ நீளமா பேர் வச்சது யாரு?"

"எங்கம்மா. அவங்களயும் வந்து எழுதறியா? கல்லறைல இருக்காங்க."

"பணம் குடுத்தா எழுதறேன்."

சிரித்துவிட்டான். ஐம்பது போட்டான்.

டீலியா அப்படி இல்லை. அட்டையைப் பார்த்ததும் கையைக் கட்டிக்கொண்டாள். தபால்காரர் சொல்லித்தான் இருப்பார், இந்த ஊரில் எது ஒளியும்?

"அன்னிக்குக் கிழிச்சு அனுப்பினவன், இன்னிக்கு அதே அட்டயத் தூக்கிட்டு வர்றியா? வெக்கமா இல்ல?"

"இருக்கு டீலியா. அதான் நடந்தே வந்தேன்."

கட்டிய கையைப் பிரித்தாள். பிறகு, "ஃபின்டனும் நானும் ஒரே பெஞ்சு. எழுது. அவனுக்காகத்தான், உனக்காக இல்ல" என்றாள். நான் எழுதுவதைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். முடித்ததும், "என் பேரு அழகாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இப்போது உன் விஷயம். ஈஸ்டர் திங்களன்று நீ வர வேண்டும். டிராக்டருக்குப் பின்னால் இழுவை வண்டியில் அப்பாவின் சாய்வு நாற்காலியைக் கயிற்றால் கட்டியிருக்கிறேன். மாடு ஏற்றும்போது போடும் அதே முடிச்சுதான், அவிழாது. கம்பளிப் போர்வை போட்டிருக்கிறேன். முதல் டிராக்டர் நம்முடையது, நீ அதில் ராஜா மாதிரி வருவாய்.

நம் வீட்டுக் கேட்டைப் பற்றிக் கவலைப்படாதே. தொழுவத்துக்கு அடிக்கும் சுண்ணாம்பைக் கரைத்து, கேட்டிலிருந்து சமையலறைக் கதவு வரை குறுக்கே கோடு போட்டுவிட்டேன். மொத்தம் முப்பத்தொன்று. உன் காலடி எவ்வளவு இருக்கும் என்று தெரியாததால், உனக்கு எட்டு வயதில் நீ என் பின்னால் நடப்பாயே, அதைவிடக் கொஞ்சம் பெரிதாகக் கணக்கு வைத்துக்கொண்டேன். கோழிகளுக்குக் குழப்பம். ஒவ்வொரு கோட்டுக்கும் நின்று யோசிக்கின்றன.

இன்னும் கோபம் இருக்கிறதா ஃபின்டன்? நீளமாக எழுத வேண்டாம். இருக்கிறது, இல்லை, ஏதாவது ஒன்று எழுது. எதுவானாலும் நானே படித்துக்கொள்கிறேன்.

மலாக்கி


ஸ்லைகோ
மார்ச் 27

மலாக்கி,

வருகிறேன். மேவ் ஓட்டி வருவாள். கோடுகளை அழியாமல் பார்த்துக்கொள்.

நீ கேட்டதற்குப் பதில் எழுத மாட்டேன். உன் சமையலறையில் உட்கார்ந்து, வாயால் சொல்கிறேன். காதைக் கிட்டே கொண்டுவா.

ஃபி


டிரம்காரா
ஏப்ரல் 22

அன்புள்ள ஃபின்டன்,

இந்த முறை எழுத்து பெரிதாக இருக்கும், பொறுத்துக்கொள். படுத்தபடி பார்க்கும்போதும் உனக்குத் தெரிய வேண்டும் என்று ஒரு பக்கத்துக்கு ஆறே வரிதான் எழுதுகிறேன். மேவ் பக்கத்தைப் பிடித்துக்கொள்வதாகச் சொன்னாள்.

ஊர்வலத்தைப் பற்றி அன்று ஆஸ்பத்திரியில் நான் உளறியது உனக்குப் புரிந்ததோ என்னவோ, ஒழுங்காகச் சொல்கிறேன். நாற்பத்திமூன்று டிராக்டர்கள் வந்தன. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை நீ உன் வீட்டுக் குளியலறை வாசலில் விழுந்ததை மேவ் போனில் சொன்னபோது, நான் போகவில்லை என்றுதான் டோனலிடம் சொன்னேன். "அவர் கேட்டது ரெண்டு வருஷம் முன்னாடி மலாக்கி. இன்னொரு தடவ கேக்க வப்பியா?" என்றான். ஓட்டினேன். நாற்காலியை அவிழ்க்கவில்லை. மழை. போர்வை நனைந்துவிட்டது. சாலையோரம் நின்றவர்கள் முதல் டிராக்டருக்குக் கைதட்டத் தொடங்கி, நாற்காலியைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்கள். ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். எனக்குக் கோபம் வந்தது. "செத்துப் போகலடா, ஆஸ்பத்திரில இருக்கான்!" என்று கத்தினேன். எஞ்சின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

உன் பாட்டுக் குழு வேனில் வந்தது. ஊர் மண்டபத்தில் பாடினார்கள். சத்தம் அவ்வளவு இல்லை. கெண்டி கொதிக்கும் சத்தத்தை நிறுத்திவிட்டுத்தான் கேட்க முடிந்தது. டீலியா அடுப்பை அணைத்தாள். திரண்ட பணம் இரண்டு வருஷம் வகுப்பு நடத்த அவர்களுக்குப் போதுமாம். மீதி ஆராய்ச்சிக்குப் போய்விட்டது. உன் துண்டுகளைப் பொறுக்கித் தந்த மனிதர் என்னிடம் வந்து கை கொடுத்தார். அவர் கை நின்றபாடில்லை. நானும் விடவில்லை.

மாலையில் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். நீ சொன்னபடி காதை உன் வாய்க்குக் கிட்டே வைத்தேன். மூச்சுதான் வந்தது. முகத்தைப் பார்த்தேன். மரப்பலகை என்று நீ எழுதியது நினைவுக்கு வந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல், வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன செவ்வாய் உன் தபால் வந்தது. உன்னை மாற்றியிருக்கும் பராமரிப்பு இல்லத்திலிருந்து. மேவ் ஒரு குறிப்பு வைத்திருந்தாள். நீ பேனா கேட்டுச் சைகை காட்டினாயாம், முக்கால் மணி நேரம் எழுதினாயாம், "நான் எழுதட்டுமா?" என்றதற்கு வேண்டாம் என்று தலையை அசைத்துவிட்டாயாம். "என்னாலயும் படிக்க முடியல மலாக்கி" என்று முடித்திருந்தாள்.

ஒரே ஒரு வரி. தலைமுடி கிடப்பது மாதிரி. பூதக்கண்ணாடி வைத்தேன். வகுப்புக்குக் கொண்டுபோனேன். டெர்வ்லா ஜன்னலோரம் வைத்துப் பார்த்தாள். படித்தவளுக்கும் படிக்க வராத ஒன்று இருக்கிறதே என்று ஒரு கணம் எனக்கு அற்பச் சந்தோஷம். பிறகு அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்ததைப் பார்த்தேன்.

ஆனால் முதல் சொல் எனக்குத் தெரிகிறது. இரண்டு குன்றுகள் தோளோடு தோள் நிற்கின்றன, ஊசிமுனை அளவுக்கு. அது நான். அதற்குப் பின் மூன்று சொற்கள், அல்லது இரண்டு. கடைசியில் கோடு தாளின் ஓரம் வரை போய் நிற்கிறது. கோபம் இருக்கிறது என்றோ இல்லை என்றோ அங்கே இருக்கிறது. கன்றுகளுக்குத் தீனி போட்டுவிட்டு, தினமும் காலை வெளிச்சத்தில் எடுத்துப் பார்க்கிறேன்.

முற்றத்துக் கோடுகளில் பாதியை மழை கழுவிவிட்டது. நேற்று புதிதாகச் சுண்ணாம்பு அடித்தேன். முப்பத்தொன்றும் இருக்கின்றன. நீ வர மாட்டாய் என்று டாக்டர் சொன்னதாக மேவ் சொன்னாள். சரி. கோழிகள் பழகிவிட்டன, இப்போது கோடு இல்லாவிட்டால்தான் நிற்கும்.

அடுத்த செவ்வாய் வகுப்பு முடிந்ததும் உனக்கு எழுத உட்கார்ந்துவிடுவேன், வார முடிவுக்குள் கடிதம் உன்னிடம் இருக்கும். இன்னும் பெரிதாக எழுதுகிறேன். நீ பதில் எழுதிக் கஷ்டப்படாதே. உன் பழைய கடிதத்தைப் படிக்க எனக்கு இரண்டு வருஷம் ஆனது. இந்த ஒரு வரி இன்னும் என் கையில் படித்து முடியாமல் இருக்கிறது.

உன் அண்ணன்,
மலாக்கி